முதல் குடியேறிகளின் வீடு: காகிதம் சொல்வது, ஆணி சொல்வது

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கச் சமவெளியில் 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய குடும்பங்களின் பழைய வீடுகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பெரும்பாலானவை நெப்ராஸ்கா மாநிலத்தைத் தொட்டே இருப்பதால், பதில்களும் அந்த மண்ணை விட்டு அதிகம் நகரவில்லை. இவற்றில் அடிக்கடி வரும் 'ஹோம்ஸ்டெட்' என்பது, 1862 சட்டப்படி, குடியிருந்து உழுதவருக்கு அரசு தந்த 160 ஏக்கர் வரையிலான நிலம்.

கே: மகளைப் பார்க்கப் போனபோது நெப்ராஸ்காவில் ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு சின்ன மரக்கட்டை வீடு. 'பாமர்–எப்பார்ட் கேபின்' என்று எழுதியிருந்தது. பூங்காவோ டேனியல் ஃப்ரீமன் என்பவரின் நிலம் என்றார்கள். அப்படியானால் அது யார் வீடு? ஒரு வீட்டுக்கு ஏன் இரண்டு பெயர்?
– வாசகர், திருநெல்வேலி

ப: முதலில் ஊர்ப் பெயர். பூங்காவுக்குப் பக்கத்து ஊரை 'பீட்ரிஸ்' என்று சொன்னால் உள்ளூர்க்காரர் சிரிப்பார். அவர்கள் சொல்வது 'பியாட்ரிஸ்'.

ஃப்ரீமன், ஹோம்ஸ்டெட் சட்டப்படி முதலில் நிலம் பதிந்தவராகச் சொல்லப்படுபவர். அது அவர் வீடு அல்ல. 1867இல் ஜார்ஜ் டபிள்யூ. பாமர் என்பவர் வேறோர் இடத்தில், பலவகைக் கடினமரக் கட்டைகளைக் கொண்டு கட்டியது. 1950இல்தான் பூங்காவுக்கு வந்தது. உள்ளளவு ஏறக்குறைய 14 அடிக்கு 16 அடி, அதாவது 224 சதுர அடி. பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கினார்கள். பாமர் தம்பதிக்குப் பத்துப் பிள்ளைகள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அங்கே படுத்திருக்க வாய்ப்பில்லை, மூத்தவர்கள் வெளியேறக் கடைக்குட்டிகள் பிறந்திருப்பார்கள். அப்படியும் நம் ஊர் ஒரு படுக்கையறை அளவில் ஒரு பெருங்குடும்பம்.

இரண்டு பெயர் வைப்பது அங்கே பழைய வீடுகளுக்கு வழக்கம்: கட்டியவர் பெயர் முதலில், பிறகு நெடுங்காலம் குடியிருந்தவர் பெயர். பாமர் குடும்பம் 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் வரை இருந்துவிட்டு, யூஜின் மம்ஃபோர்டு, வில்லியம் ஃபோர்மன் என்ற இருவருக்கு விற்றது. சில ஆண்டுகளில் லாரன்ஸ் எப்பார்ட், ஐடா மம்ஃபோர்டு எப்பார்ட் தம்பதியிடம் வந்தது. அவர்கள் ஏறக்குறைய 40 ஆண்டு அதில் வாழ்ந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் பாமர், மம்ஃபோர்டு, ஃபோர்மன், எப்பார்ட் என்று நான்கு குடும்பப்பெயர்கள். ஊருக்குப் புதியவர்கள் ஒருவர்பின் ஒருவராக வாங்கியது போலத் தோன்றும். ஆனால் மம்ஃபோர்டும் ஃபோர்மனும் பாமருக்கு 'நெஃப்யூ' முறை. அண்ணன் மகனா, அக்காள் மகனா, மனைவியின் உடன்பிறந்தார் மகனா என்று அந்த ஒற்றைச் சொல் பிரித்துச் சொல்லாது. குடும்பப்பெயர் மாறியிருப்பதால், பாமரின் அண்ணன் தம்பி வழி பெரும்பாலும் இல்லை, சகோதரி வழி அல்லது மனைவி வழி என்று ஊகிக்கலாம். எப்பார்டின் மனைவியோ பிறப்பால் மம்ஃபோர்டு. ஆக, ஆண்களின் பெயரில் மட்டும் பார்த்தால் நான்கு குடும்பப்பெயர் கண்ட வீடு, பெண்கள் வழியாகப் பார்த்தால் சொந்தத்துக்குள்ளேயே சுற்றியிருக்கிறது. பழைய வீட்டின் உரிமையாளர் வரிசையை எழுதும்போது ஒவ்வொரு பெயருக்கும் நேரே மனைவியின் பிறந்தவீட்டுப் பெயரையும் எழுதுங்கள். பாதி முடிச்சு அங்கேயே அவிழும்.

கே: 'பயனியர்' என்றால் முன்னோடி. அந்த நிலத்தில் அவர்களுக்கு முன் யாருமே இல்லையா?
– வாசகர், சேலம்

ப: இருந்தார்கள். பியாட்ரிஸ் சுற்றுப்பகுதி ஓட்டோ–மிசூரியா மக்களின் நிலம். 1854 ஒப்பந்தத்தில் பெரும்பகுதியை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுக்க வைத்து, பிக் புளூ ஆற்றங்கரையில் ஒரு ஒதுக்கிடத்தை மட்டும் தந்தார்கள். அதுவும் விற்கப்பட்டு, 1881இல் அவர்கள் இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போக நேர்ந்தது. பட்டயத்தில், அதாவது அரசு நிலத்தை முதன்முதலில் தனியாருக்கு எழுதிக்கொடுத்த ஆவணத்தில், 'முதல் உரிமையாளர்' என்று வரும் பெயருக்கு, அரசிடமிருந்து தனியாருக்குப் போன முதல் கை என்பது மட்டுமே பொருள். வீட்டு வரலாறு எழுதுவோர் 1854 ஒப்பந்தத்திலிருந்து தொடங்குவது நேர்மை.

கே: ஓமஹாவிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் பழைய பண்ணைவீடு ஒன்றை வாங்கியிருக்கிறோம். விற்றவர் '1868இல் ஹோம்ஸ்டெட் குடும்பம் கட்டியது' என்கிறார். கவுண்டியின் (மாவட்டம் போன்றது) சொத்துவரித் தளத்தில் 'கட்டிய ஆண்டு 1900' என்று இருக்கிறது. எதை நம்புவது? எப்படிச் சரிபார்ப்பது?
– வாசகி, ஓமஹா

ப: இப்போதைக்கு இரண்டையும் நம்ப வேண்டாம். வரித்தளத்தில் 1900 என்று வட்டமாக ஓர் ஆண்டு இருந்தால் பெரும்பாலும் 'பழையது, ஆண்டு தெரியாது' என்று பொருள். மதிப்பீட்டாளர் கட்டத்தை வெறுமனே விட முடியாமல் நிரப்பியது. விற்றவர் சொல்லும் 1868 எங்கிருந்து வந்திருக்கும் என்றால், நிலப் பட்டயத்தின் தேதியை யாரோ வீட்டின் தேதியாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். பட்டயம் நிலத்துக்குத் தரப்பட்டது. இன்று நிற்கும் வீட்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இராது. நிலத்துக்கு ஒரு வரலாறு, வீட்டுக்கு ஒரு வரலாறு. இரண்டையும் தனித்தனியாகத் தேடிக் கடைசியில் பொருத்த வேண்டும்.

நிலத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் பத்திரத்தில் தெரு முகவரியை விட்டுவிட்டு, 'லீகல் டிஸ்க்ரிப்ஷன்' என்னும் நில விவரத்தைப் படியெடுத்துக்கொள்ளுங்கள். செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் என்று மூன்று எண்கள் இருக்கும். நம் ஊரில் சர்வே எண் இல்லாமல் வில்லங்கம் போட முடியாதது போல, இது இல்லாமல் அங்கே ஓர் அடியும் நகராது.

அடுத்தது கவுண்டியின் 'ரிஜிஸ்டர் ஆஃப் டீட்ஸ்' என்னும் பத்திரப் பதிவு அலுவலகம். பல மாநிலங்களில் விற்றவர் பெயர்வரிசை, வாங்கியவர் பெயர்வரிசை என்று இரண்டு அட்டவணைப் புத்தகங்களைத்தான் புரட்ட வேண்டும். நெப்ராஸ்காவில் வசதி அதிகம், நில விவரப்படியே தொகுத்த 'நியூமெரிக்கல் இண்டெக்ஸ்' உண்டு. உங்கள் செக்‌ஷனைத் திறந்தால் அந்தத் துண்டு நிலத்தைத் தொட்ட பத்திரம், அடமானம், நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் கால வரிசையில் நிற்கும். இன்றைய உங்கள் பெயரிலிருந்து பின்னோக்கிப் போங்கள். முன்னாலிருந்து வந்தால் நிலம் துண்டாகும் இடங்களில் தவறான கிளையில் ஏறிவிடுவோம்.

சங்கிலி அறுபடும் இடம் பெரும்பாலும் மரணம். அப்பா இறந்து பிள்ளைக்குப் போனால் பத்திரமே இருக்காது. கவுண்டி நீதிமன்றத்தில் 'புரோபேட்' என்னும் வாரிசுரிமைக் கோப்பைக் கேளுங்கள். வாரிசுகள் பெயர், வயது, சில சமயம் வீட்டுச் சாமான் பட்டியல்கூட அதில் கிடைக்கும்.

சங்கிலியின் மறுமுனையில் அமெரிக்க அரசு நிற்கும். அந்த முதல் பட்டயத்தின் படத்தை நில மேலாண்மைத் துறையின் பொது நில அலுவலகப் பதிவுத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். எந்தச் சட்டப்படி தரப்பட்டது என்பதைத் தவறாமல் பாருங்கள். '12 ஸ்டாட். 392' என்றிருந்தால் ஹோம்ஸ்டெட். 'கேஷ் என்ட்ரி' என்றிருந்தால் ஏக்கருக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்கியவர், வாங்கியவர் அங்கே குடியிருந்தார் என்பதற்கு அது சான்றாகாது. ஒற்றைப்படை எண் செக்‌ஷனாக இருந்தால் முதல் உரிமையாளர் ரயில்வே கம்பெனியாக இருக்கலாம், ஏனென்றால் பாதையின் இருபுறமும் ஒன்று விட்டு ஒன்றாகச் செக்‌ஷன்களை ரயில்வேக்கு மானியமாகத் தந்தார்கள். 16, 36 என்றால் பள்ளிக்கூட நிலம். அந்த இரண்டு எண்களில் 'ஹோம்ஸ்டெட் குடும்பம்' என்று யாராவது சொன்னால் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்க வேண்டும்.

இனி வீட்டின் பக்கம். வரிப் பதிவேடுகளை ஆண்டுவாரியாக வரிசையாக வைத்து, நிலமதிப்பு அப்படியே இருக்கக் கட்டுமான மதிப்பு மட்டும் எந்த ஆண்டு குதிக்கிறது என்று பாருங்கள். அதே ஆண்டையொட்டி ஒரு அடமானமும் இருந்தால் அநேகமாக அதுதான் வீடு கட்டிய கடன். ஆனால் வெட்டுக்கிளி வந்த 1874 போன்ற ஆண்டுகளில் விதைக்கும் சாப்பாட்டுக்குமே அடமானம் வைத்தார்கள். மதிப்பு குதிக்காமல் அடமானம் மட்டும் இருந்தால் வீடு என்று முடிவு கட்டக் கூடாது.

மக்கள்தொகைக் கணக்கில் 1870, 1880 பார்க்கலாம். 1890 தேசியக் கணக்கு 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் பெரும்பாலும் போயிற்று. நெப்ராஸ்காக்காரர்களுக்கு ஒரு நல்ல காலம், 1885இல் மாநிலம் தனியாக ஒரு கணக்கு எடுத்திருக்கிறது. இடைவெளியைப் பாதி அது நிரப்பும். சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். அது நகரங்களுக்கு மட்டும், பண்ணைவீடுகள் அதில் வராது. உங்களுக்கு வேண்டியது கவுண்டி பிளாட் அட்லஸ், அதாவது நிலத் துண்டுகளைக் காட்டும் வரைபடப் புத்தகம். ஒவ்வொரு துண்டிலும் உரிமையாளர் பெயரும், வீடு இருந்த இடத்தில் ஒரு சிறு கறுப்புக் கட்டமும் போட்டிருப்பார்கள்.

கே: அந்த செக்‌ஷன், டவுன்ஷிப் கணக்கை ஓர் உதாரணத்தோடு விளக்க முடியுமா? பத்திரத்தில் 'தென்பாதி வடமேற்குக் கால்' என்றெல்லாம் வருகிறது, தலை சுற்றுகிறது.
– வாசகர், டாலஸ்

ப: ஃப்ரீமனின் நிலத்தையே எடுத்துக்கொள்வோம். டவுன்ஷிப் 4 வடக்கு, ரேஞ்ச் 5 கிழக்கு, செக்‌ஷன் 26. அதற்குள் 'வடமேற்குக் காலின் தென்பாதி, வடமேற்குக் காலின் வடகிழக்குக் கால், வடகிழக்குக் காலின் தென்மேற்குக் கால்.'

டவுன்ஷிப் என்பது 6 மைலுக்கு 6 மைல் சதுரம். '4 வடக்கு', '5 கிழக்கு' என்பவை அந்தச் சதுரம் எந்த வரிசையில் இருக்கிறது என்பதைச் சொல்லும். அதில் 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல், 640 ஏக்கர். எண் போடுவது வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே 6 வரை போகும். அடுத்த வரிசை 7 அதற்கு நேர் கீழே தொடங்கிக் கிழக்கே திரும்பும். ஏர் ஓட்டும்போது மாடு திரும்புகிற மாதிரி. அப்படி எண்ணினால் 26 ஐந்தாவது வரிசையில், கிழக்கிலிருந்து இரண்டாவது கட்டம்.

விவரத்தை எப்போதும் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படியுங்கள். செக்‌ஷன் 26இன் வடமேற்குக் கால் 160 ஏக்கர், அதன் தென்பாதி 80. அதே காலின் வடகிழக்குத் துண்டு 40. பக்கத்து வடகிழக்குக் காலின் தென்மேற்குத் துண்டு 40. மொத்தம் 160. தாளில் வரைந்து பாருங்கள்: கீழே வரிசையாக மூன்று சதுரம், நடுச் சதுரத்தின் தலையில் ஒன்று. 'டி' எழுத்தைத் தலைகீழாக நிறுத்திய வடிவம். 160 ஏக்கர் என்றால் ஒழுங்கான ஒரே சதுரமாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஓடையும் மரமும் உள்ள 40 ஏக்கர் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்கச் சட்டத்தில் இடம் இருந்தது. ஃப்ரீமன் நிலத்தில் கப் கிரீக் ஓடை ஓடுகிறது.

கே: ஹோம்ஸ்டெட் கோப்பில் வீட்டைப் பற்றி என்ன இருக்கும்?
– வாசகர், சிங்கப்பூர்

ப: நிறைய இருக்கும், பட்டயத்தோடு நின்றுவிடுகிறவர்கள்தான் அதைத் தவறவிடுகிறார்கள். பட்டயம் ஒற்றைத் தாள். அதற்குப் பின்னால் இருக்கும் 'லேண்ட் என்ட்ரி கேஸ் ஃபைல்' தேசிய ஆவணக் காப்பகத்தில் உண்டு. கேட்டு நகல் வாங்கலாம். பட்டயத்தில் உள்ள நில அலுவலகத்தின் பெயரும் இறுதிச் சான்றிதழ் எண்ணும் இருந்தால் போதும்.

1862 மே 20இல் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் கேட்டது இவை: 21 வயது அல்லது குடும்பத் தலைவர், குடியுரிமை அல்லது குடியுரிமை பெறும் எண்ணத்தைப் பதிந்திருத்தல், அமெரிக்க அரசுக்கு எதிராக ஆயுதம் ஏந்தாமை. கட்டணம் எல்லாம் சேர்த்து 18 டாலர். ஐந்து ஆண்டு குடியிருந்து, வீடு கட்டி, உழுது, இரண்டு சாட்சிகளோடு வந்து நிரூபிக்க வேண்டும். அந்த நிரூபணப் படிவத்தில்தான் வீடு இருக்கிறது.

ஃப்ரீமன் 1868 ஜனவரியில் தாக்கல் செய்த படிவத்தில் ஜோசப் கிராஃப், சாமுவேல் கில்பாட்ரிக் என்ற இருவர் சத்தியம் செய்திருக்கிறார்கள். மனைவி, இரண்டு குழந்தைகள். வீடு ஒரு பகுதி மரக்கட்டை, ஒரு பகுதி சட்டகம் (மரச்சட்டம் நிறுத்திப் பலகை அடித்தது). 14க்கு 20 அடி, ஒரே தளம், இரண்டு கதவு, இரண்டு ஜன்னல், மரஓட்டுக் கூரை, பலகைத் தரை. சுமார் 35 ஏக்கர் உழுது வேலியிட்டிருக்கிறார். லாயம், 100 அடி நீள ஆட்டுக்கொட்டகை, மக்காச்சோளப் பட்டறை, 40 ஆப்பிள் கன்று, சுமார் 400 பீச் கன்று. ஓர் அரசாங்கத் தாளில் இதைவிட நெருக்கமாக ஒரு வீட்டைப் பார்க்க முடியாது.

ஆனால் எந்த வரியை எவ்வளவு நம்புவது என்று தெரிந்திருக்க வேண்டும். '1863 ஜனவரி 1 முதல் இன்றுவரை இதையே தனி இல்லமாகக் கொண்டு வாழ்ந்தார்' என்ற வாக்கியம் அச்சிட்ட படிவத்தோடு வந்தது. தேதியை மட்டும் கையால் நிரப்பினார்கள். ஃப்ரீமன் ஆக்னஸ் சூட்டரை மணந்ததே 1865இல், அதுவும் ஐயோவாவில். அச்சு வாக்கியம் சட்டம் கேட்டதைச் சொல்கிறது. கையால் எழுதிய அளவுகளும் எண்ணிக்கைகளும்தான் நேரில் கண்டவர்கள் சொன்னது. கோப்பு கையில் வந்ததும் அச்சையும் கையெழுத்தையும் இரண்டு நிறத்தில் குறித்துக்கொண்டு படியுங்கள்.

அளவிலும் ஒரு எச்சரிக்கை. '12க்கு 14 வீடு கட்டினேன்' என்று சத்தியம் செய்துவிட்டு, அடியா அங்குலமா என்று சொல்லாமல் பொம்மை வீட்டை வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு என்று அந்தக் காலத்துக் கதைகள் சொல்லும். சக்கரம் வைத்த ஒரே குடிசையை நிலம் நிலமாக இழுத்துப்போய்க் காட்டியதாகவும் சொல்வார்கள். ஆறு மாதம் இருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டி முன்கூட்டியே பட்டயம் வாங்கும் வழியும் இருந்ததால், கோப்பில் அப்படிக் காசு கட்டிய ரசீது இருந்தால் வீட்டு விவரத்தைச் சந்தேகத்தோடு படியுங்கள்.

கே: ஃப்ரீமன் நள்ளிரவில் அலுவலகத்தைத் திறக்கச் சொல்லிப் பதிந்தார் என்பது உண்மையா?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: 1863 ஜனவரி 1 பிறந்ததும் பிரவுன்வில் நில அலுவலக எழுத்தரைச் சம்மதிக்க வைத்துப் பதிந்தார் என்பது குடும்பமும் ஊரும் சொல்லும் கதை. விண்ணப்ப எண் 1, சான்றிதழ் எண் 1 என்பது ஆவணம். அந்த 'ஒன்று' பிரவுன்வில் அலுவலகத்தின் ஒன்று. ஒவ்வொரு நில அலுவலகமும் தனக்குத்தான் எண் போட்டது, டகோட்டா பகுதியிலும் அதே நாள் முதலிடம் கோரியவர் உண்டு. இந்தப் பெருமையைவிட, உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியை பைபிள் வாசிப்பதை எதிர்த்து வழக்காடி 1902இல் நெப்ராஸ்கா உச்ச நீதிமன்றத்தில் வென்ற ஃப்ரீமன் எங்களுக்குச் சுவாரசியமானவர்.

கே: 1890களில் ஒரு பத்திரத்தில் 160 ஏக்கரையும் வீட்டையும் '1 டாலருக்கு' விற்றதாக இருக்கிறது. மோசடியா?
– வாசகர், சிகாகோ

ப: இல்லை. '1 டாலரும் பிற மதிப்புள்ள கைம்மாறும்' என்பது விலையை மறைக்க எழுதும் வாய்ப்பாடு. உறவுக்குள் கைமாறும்போது அதிகம் வரும். பத்திரத்தின் வகையைப் பாருங்கள். 'வாரண்டி டீட்' என்றால் விற்றவர் உரிமைக்குப் பொறுப்பேற்கிறார். 'குயிட் கிளெய்ம்' என்றால் தனக்கு ஏதேனும் உரிமை இருந்தால் அதை விட்டுவிடுகிறார், அவ்வளவுதான். வாரிசுகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொடுப்பது பெரும்பாலும் இது. 'ஷெரிஃப்ஸ் டீட்' என்றால் கடனுக்கு ஏலம் போனது. பெயருக்குப் பின் 'எட் யுக்ஸ்' என்று இரண்டு குட்டிச் சொற்கள் இருந்தால் 'மற்றும் மனைவி' என்று பொருள். அட்டவணையில் மனைவியின் பெயரை விழுங்கிவிடுவார்கள், முழுப் பத்திரத்தைத் திறந்தால் அவர் கையெழுத்து இருக்கும்.

கே: காகிதமே கிடைக்கவில்லை என்றால் மரத்தைப் பார்த்து வயது சொல்ல முடியுமா?
– வாசகர், திருச்சி (தச்சுத் தொழில்)

ப: பத்து இருபது ஆண்டு முன்பின்னாகச் சொல்லலாம். தொழில் தெரிந்த உங்களுக்கு இது எளிது.

ஆணியில் தொடங்குங்கள். கொல்லன் அடித்த ஆணி நான்கு பக்கமும் சரிந்து, கொண்டை ஒழுங்கில்லாமல் இருக்கும். அந்தச் சமவெளி குடியேறிய காலத்துக்கு அது பழசு. இரும்புத் தகட்டிலிருந்து இயந்திரம் வெட்டிய ஆணி இரண்டு பக்கம் மட்டும் சரிந்து, முனை மழுங்கலாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி இதுதான். இன்று நாம் அடிக்கும் உருண்டைக் கம்பி ஆணி 1890 வாக்கில் சந்தையைப் பிடித்தது. சுவர்ப்பலகை, தரைப்பலகை, கூரைச் சட்டம் மூன்றிலும் வெட்டு ஆணி இருந்தால் வீடு 1890க்கு முந்தியது என்று சொல்லத் துணியலாம். ஏதோ ஓர் இடத்தில் மட்டும் இருந்தால் பழைய பலகையைக் கொண்டுவந்து போட்டிருக்கலாம். கதவு நிலையை மட்டும் பார்த்து முடிவு சொல்லாதீர்கள், நிலைகள் அடிக்கடி மாற்றப்படுபவை. பரணிலும் தரைக்கு அடியிலும்தான் யாரும் கைவைக்காத ஆணி இருக்கும்.

அடுத்தது ரம்பத்தின் தழும்பு. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். நேர்கோடுகள் என்றால் மேலும் கீழும் ஓடும் ரம்பம், வில் போல வளைந்த கோடுகள் என்றால் வட்ட ரம்பம். வட்ட ரம்பம் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவியது. கோடாலியால் செதுக்கிய முகம் இருந்தால் பழமை என்று குதிக்க வேண்டாம். அறுப்பாலை பக்கத்தில் இல்லாத இடத்தில் பிற்காலத்திலும் செதுக்கினார்கள்.

வெளியே பலகை அடித்த சாதாரண இரண்டு மாடி வீடாக இருந்தாலும் ஒரு சந்தேகம் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறையின் சுவர் மட்டும் மற்றவற்றைவிட ஏழெட்டு அங்குலம் தடிமனாக இருந்தால், ஜன்னல் விளிம்பு ஆழமாக இருந்தால், உள்ளே பழைய மரக்கட்டை வீடு ஒளிந்திருக்கலாம். வசதி வந்ததும் அதை இடிக்காமல் பலகையால் மூடிச் சமையலறையாக்கிக்கொள்வது வழக்கம்.

மரவளையங்களை எண்ணும் பரிசோதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பட்டையோ பட்டைக்கு நேர் அடியில் உள்ள கடைசி வளையமோ அந்தக் கட்டையில் இருக்க வேண்டும். செதுக்கி எறிந்துவிட்டிருந்தால் வெட்டிய ஆண்டு கிடைக்காது, 'இதற்குப் பிறகு' என்று மட்டும் சொல்வார்கள். ஒரு கட்டை போதாது, பல கட்டைகள் ஒரே ஆண்டைக் காட்ட வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் முந்தின ஆண்டாக வந்தால் அவை வேறு வீட்டிலிருந்து வந்தவையாக இருக்கலாம். மரக்கட்டை வீட்டைப் பிரித்து எண் போட்டு வண்டியில் ஏற்றி வேறிடத்தில் அடுக்கலாம். பாமர் வீடே இடம் மாறியதுதான். மூலைக்கட்டைகளில் செதுக்கிய எண்களைத் தேடுங்கள். அஸ்திவாரமும் புகைபோக்கியும் சுவரைவிட இளமையாக இருந்தால் வீடு நகர்ந்திருக்கலாம். நகர்ந்திருந்தால் நிலத்தின் பத்திரச் சங்கிலி இந்த வீட்டுக்குப் பொருந்தாது.

கே: மரக்கட்டைகளுக்கு இடையே உள்ள பூச்சு உதிர்கிறது. சிமெண்ட் வைத்து அடைத்துவிடலாமா?
– வாசகர், கன்சாஸ் சிட்டி

ப: வேண்டவே வேண்டாம். இந்த வகை வீடுகளுக்குச் செய்யப்படும் கேடுகளில் முதலிடம் இதற்குத்தான். மரம் பருவத்துக்குப் பருவம் உப்பிச் சுருங்கும், போர்ட்லாண்ட் சிமெண்ட் அசையாது. ஒரே ஆண்டில் மயிரிழை இடைவெளி விழும். அதில் புகுந்த மழைநீர் சிமெண்ட் வழியாக வெளியேற முடியாமல் கட்டையின் தலையில் தேங்கும். மேலே பார்க்கக் கல் மாதிரி இருக்கும். உள்ளே கட்டை பஞ்சாகியிருக்கும்.

பழைய முறைக்கு இரண்டு அடுக்கு உண்டு. இடுக்கில் முதலில் மரச்சீவல், ஆப்பு, சிறு கல் ஆகியவற்றை இறுக்கிச் செருகுவார்கள். அதன்மேல் களிமண்ணோ சுண்ணாம்புச் சாந்தோ பூசுவார்கள். சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் ஏறக்குறைய மூன்று பங்கு. நனைத்த மரத்தின்மேல் பூச வேண்டும், காய்ந்த மரம் சாந்தின் ஈரத்தை உறிஞ்சி வெடிக்கவிடும். வெயிலில் பூசாதீர்கள், ஈரச் சாக்கால் மூடி மெதுவாகக் காயவிடுங்கள். பூச்சின் முகம் கட்டையின் முகத்தைவிட உள்வாங்கி, மேல்விளிம்பு மேற்கட்டையின் அடியில் ஒளிந்து, கீழ்விளிம்பு சற்று வெளியே சரிந்திருக்க வேண்டும். நீர் வழிந்து ஓட அந்தச் சரிவுதான் வழி.

அதற்கு முன் அடிக்கட்டையைப் பாருங்கள். மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால் மேலே எதைப் பூசினாலும் பயனில்லை. குத்தூசியால் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் கட்டையை மாற்ற வேண்டும்.

கே: மரமே இல்லாத இடத்தில் புல்மண் வீடு கட்டினார்கள் என்கிறார்களே?
– வாசகி, புதுச்சேரி

ப: ஆமாம், 'சாட் ஹவுஸ்'. ஓடைக்கரையில் மரம் கிடைத்த கிழக்கு நெப்ராஸ்காவில் கட்டை வீடு, மேற்கே போகப் போகப் புல்மண். பல ஆண்டு வேரோடிய சமவெளிப் புல்லைத் தனி வகைக் கலப்பையால் சுமார் ஓர் அடி அகலம், நான்கு அங்குலக் கனம் உள்ள பட்டையாக உரித்து, இரண்டு மூன்று அடி நீளத்துக்கு வெட்டிக்கொள்வார்கள். புல் பக்கம் கீழே, வேர் பக்கம் மேலே இருக்க, இரண்டு வரிசையாகச் செங்கல் போல மூட்டு மாற்றி அடுக்குவார்கள். சில வரிசைக்கு ஒருமுறை குறுக்கே வைத்துப் பிணைப்பார்கள். 16க்கு 20 அடி வீட்டுக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர் புல்தரை போய்விடும். அன்று அடுக்கும் அளவுக்குத்தான் அன்று வெட்ட வேண்டும், மறுநாள் காய்ந்து உதிரும்.

சுவர் தன் பாரத்தில் தானே அமுங்கும். ஜன்னல் சட்டத்துக்கு மேலே சில அங்குலம் விட்டுத் துணியோ புல்லோ திணிக்காவிட்டால் கண்ணாடி உடையும். கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் வெதுவெதுப்பு. தொல்லை எல்லாம் கூரைதான். மழை விட்ட பிறகும் உள்ளே சொட்டும். விழும் மண்ணைத் தாங்க மஸ்லின் துணியை விதானமாகக் கட்டினார்கள். பெரும்பாலானவை ஏழெட்டு ஆண்டே தாங்கின. ஆகவேதான் கஸ்டர் கவுண்டியில் 1886இலிருந்து சாலமன் புட்சர் எடுத்த புகைப்படங்கள் இவ்வளவு மதிப்புப் பெறுகின்றன. காம்ஸ்டாக் அருகே 1900இல் கட்டிய டவுஸ் வீடு இன்றும் நிற்பது விதிவிலக்கு.

கே: பெண்கள் பெயரில் நிலம் தந்தார்களா?
– வாசகி, மதுரை

ப: திருமணமாகாதவர், கைம்பெண், கணவன் கைவிட்டவர் ஆகியோர் தம் பெயரிலேயே பெறலாம். கணவனோடு வாழும் மனைவிக்கு இல்லை. அடுத்தடுத்த இரண்டு நிலங்களை ஆணும் பெண்ணும் தனித்தனியே பதிந்து, பிறகு மணந்துகொண்டதும் உண்டு. கருப்பின மக்கள் விடுதலைக்குப் பின் வந்து நிறுவிய ஊர்களும் உள்ளன: கன்சாஸின் நிக்கோடீமஸ் 1877இல்; நெப்ராஸ்கா மணற்குன்றுப் பகுதியில் டிவிட்டி. அங்கே 1904 கின்கெய்ட் சட்டம் ஒருவருக்கு 640 ஏக்கர் தந்தது, ஏனென்றால் அந்த மணலில் 160 ஏக்கரால் ஒரு குடும்பம் பிழைக்காது.

கே: இன்றும் அப்படி இலவச நிலம் கிடைக்குமா? இணையத்தில் விளம்பரம் பார்த்தேன்.
– வாசகர், ஈரோடு

ப: கூட்டரசு தருவதில்லை. 1976இல் சட்டம் நீங்கியது, அலாஸ்காவில் மட்டும் 1986 வரை நீடித்தது. கடைசிப் பட்டயம் 1988இல் அலாஸ்காவின் ஸ்டோனி ஆற்றங்கரையில் 80 ஏக்கருக்குக் கென் டியர்டார்ஃப் என்பவருக்குத் தரப்பட்டது. நீங்கள் பார்த்த விளம்பரம், ஆள் குறைந்து வரும் சிற்றூர்கள் தரும் வீட்டுமனையாக இருக்கலாம். பியாட்ரிஸ் நகரமே 2010இல் அப்படியொரு திட்டம் போட்டது: மனை இலவசம், குறித்த காலத்தில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். சொந்தக் காசில் வீடு கட்ட முடியாதவருக்கு மனை மட்டும் கிடைத்துப் பயனில்லை. விண்ணப்பிக்கும் முன் சாலை, குடிநீர் இணைப்புச் செலவு யார் தலையில் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.